உள்ளறையில் இளைப்பு

நாய் போண்டா பின்வாசலில் ஈரச் சாக்கின் மேல் நாலு காலையும் பரப்பிக்கொண்டு கிடந்தது. அதன் மூச்சுச் சத்தம் மட்டும் உள்ளறையிலிருந்து வந்தது.

அம்சவேணி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். சளி கட்டிய தொண்டையில் காற்று மாட்டிக்கொண்டு, இழுத்து, விட்டு, மறுபடி இழுக்கிற சத்தம். மெதுவாகப் போய் எட்டிப் பார்த்தாள். கட்டில் இருந்தது, செத்துப்போன மாமனாரின் படம் இருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கட்டிலுக்கு அடியில், தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

போண்டா இந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மாவை உருட்டிப் போட்டதுபோல் மூஞ்சி இருந்ததால் அவளே வைத்த பெயர். பெங்களூரில் ஆதரவில்லாத நாய்களை வைத்துப் பராமரிக்கும் ஸ்வாதி என்ற பெண், அம்சவேணி போனில் கேட்டதால், காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு பாடமே நடத்திவிட்டுப் போனாள்.

"அக்கா, இது புல்டாக். மூக்கு உள்ள போயிருக்கு பாருங்க, அதனால மூச்சு வாங்கறதே இதுக்குக் கஷ்டம். வெயில் ஆகவே ஆகாது. ஏசி இல்லன்னா ஈரத்துணியும் ஃபேனும் வேணும். கழுத்துல பட்டை கட்டாதீங்க, மார்ல மாட்டற பெல்ட்தான். மூஞ்சி மடிப்பை தினமும் துடைச்சுக் காய வெக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நந்திதுர்க்ல ஒரு தகர ஷெட். குட்டி போட வெச்சு விக்கறதுக்கு அடைச்சு வெச்சிருந்தாங்க. எவனோ பூட்டிட்டுப் போயிட்டான். கரண்ட்டும் இல்ல. மத்ததெல்லாம் வெந்து செத்துப்போச்சு. இது மட்டும்தான் பொழைச்சுது."

அம்சவேணி அழுதேவிட்டாள். யார் பெற்ற பிள்ளையோ, நாசமாய்ப் போகட்டும் என்று வாய்விட்டுச் சபித்தாள்.

போன ஆவணியில்தான் பங்காருபேட்டையிலிருந்து கல்யாணமாகித் தங்கவயலில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்தாள். கணவன் ரூபேஷ் பஜாரில் செல்போன் கடை வைத்திருந்தான். நாய் வந்த அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்தவன் நாயைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"இத யாரு இட்டாந்தது?"

"நான்தாங்க. பாவம், வாயில்லாத ஜீவன்."

அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. நாய் குரைக்கவில்லை, பல்லைக் காட்டவில்லை. உட்கார்ந்து அவனைப் பார்த்தது. அவன் சாப்பிடும்போது பார்த்தது, சட்டை மாட்டும்போது பார்த்தது, குளித்துவிட்டு வந்தால் குளியலறை வாசலில் உட்கார்ந்து பார்த்தது. கொழுப்பெடுத்த நாய் என்று அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளறைச் சத்தம் யாருடையது என்று அம்சவேணி தீர்மானித்துவிட்டாள். தங்கவயலில் வாழ்ந்தவர்களுக்கு அந்த இளைப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கச் சுரங்கத்துத் தூசி நெஞ்சில் படிந்த ஆண்கள் கடைசிக் காலத்தில் அப்படித்தான் மூச்சு விடுவார்கள். மாமனாரும் அப்படி இழுத்துக்கொண்டு கிடந்துதான் போனாராம். கல்யாண அவசரத்தில் அவருக்கு இந்த வருஷம் படையல் போடவில்லை.

"மாமாதான் பசியோட வந்து இளைக்கிறாரு. அமாவாசைக்குப் படைச்சிடலாங்க," என்றாள்.

ரூபேஷ் சோற்றைப் பிசைந்தபடியே தலையை ஆட்டினான். "அது அப்பா இல்ல, அம்சா."

"பின்ன வேற யாரு?"

அவன் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோனான். அன்றிலிருந்து அவனுக்கும் மூச்சு முட்ட ஆரம்பித்தது. வாயைத் திறந்துகொண்டே நடந்தான்.

அமாவாசையன்று நல்ல உச்சி வெயில். மேலே தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. ரூபேஷ் காலையிலேயே கடைக்குப் போயிருந்தான். அவள் உள்ளறையில் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறு, கருவாட்டுக் குழம்பு, முட்டை, டீ, ஒரு கட்டு பீடி என்று ஒவ்வொன்றாகச் சமையலறையிலிருந்து கொண்டுவந்து வைத்தாள். தூசி நெஞ்சுக்குக் குளிர் ஆகாது, இருமல் பிடித்துக்கொள்ளும் என்று ஏசியை நிறுத்தினாள். குளிர் வெளியே போகாமலிருக்க ஜன்னல் இடுக்கிலெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, செத்தவர்கள் சாப்பிட வருகிற இடத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் தலையைக் குனிந்தபடி வெளியே வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டாள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை திறக்கக் கூடாது. பாதியில் எழுந்து போனால் பிறகு வரவே மாட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் இளைப்பு கேட்டது. வந்துவிட்டார். அவளுக்குக் கண் கலங்கியது.

பிறகு அது பலத்தது. இழுத்தது, விட்டது. இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் இன்னொரு மூச்சு நுழைந்தது. அதற்கடியில் மூன்றாவதாக ஒன்று. கற்பூர வாசனை போய், ஈர ரோமம் வெயிலில் வேகிற நாற்றம் கதவுக்கு அடியிலிருந்து கிளம்பியது. கதவின் அடிப்பக்கத்தை ஏதோ பிறாண்டியது. மாமனார் எதற்காகப் பிறாண்ட வேண்டும்?

போண்டா எழுந்து வந்து கதவை ஒட்டிப் படுத்தது. அதன் வாய் மூடியிருந்தது. இந்த வெயிலில் அது சத்தமே இல்லாமல், சுகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இன்னா அம்சா, படையல் ஆச்சா?" என்று படைத்த சோறு வாங்கப் பக்கத்து வீட்டுத் தங்கம்மா கிண்ணத்தோடு வந்தாள். நாயைப் பார்த்ததும் நின்றாள். "ஏம்மா, இது ரூபேசு ஷெட்ல வெச்சிருந்த நாயி இல்ல?"

"எந்த ஷெட்டுக்கா?"

"நந்திதுர்க்ல வெச்சிருந்தானே. போன வெயில்ல பூட்டிட்டுப் பேத்தமங்களாவுக்குக் கல்யாணத்துக்குப் பூட்டான். அல்லாம் வெந்து செத்துச்சி. உனுக்குத் தெரியாதா?"

அம்சவேணி போண்டாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் எங்க? பின்பக்கமா வந்தானே, நீ சமையக்கட்டுல இருந்தப்ப. தல சுத்துதுக்கா, ஏசில செத்த படுக்கறேன்னு போனான். கட்டிலுக்கு அந்தாண்ட கீழ படுத்திருப்பான், பாரு."

பிறாண்டல். மெல்ல. இன்னும் மெல்ல.

அம்சவேணி பாய்ந்து தாழ்ப்பாளைப் பிடித்தாள். இரும்பு சுட்டது. உள்ளே இருப்பது அவள் புருஷன். இழுத்தால் போதும். அந்த ஷெட் அவள் கண் முன்னால் வந்தது. பூட்டு. தகரம். மூடிய கதவின் மேல் ஏறி ஏறி விழுந்த உடம்புகள். இதெல்லாம் தெரிந்தும் பேத்தமங்களாக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து அவன் சாப்பிட்ட சாப்பாடு. தாழ்ப்பாளைப் பிடித்த கை அப்படியே நின்றது. இருக்கட்டும் என்று தோன்றியது. கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

போண்டா தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தது.

"அம்சா, தொறம்மா!" தங்கம்மா கத்தினாள்.

சத்தம் நின்றது.

ஒரே மூச்சாக எல்லாம் நின்றது. போண்டா எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, கதவுக்கு வழி விட்டு நகர்ந்தது. அவள் திறந்தாள். அடுப்பிலிருந்து வருவதுபோல் அனல் முகத்தில் அடித்தது. ரூபேஷ் தரையில் குப்புறக் கிடந்தான். நகங்கள் பெயர்ந்திருந்தன. நாக்கு ஒருபக்கமாகத் தொங்கி, வீங்கி, தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இலையில் ஒரு பருக்கை இல்லை. துடைத்தாற்போல் நக்கப்பட்டிருந்தது.

தங்கம்மாவின் கிண்ணம் உருண்டது. அவள் ஓடுகிற சத்தம் வாசலைத் தாண்டியது.

போண்டா அவன் பக்கம் திரும்பவே இல்லை. அறை நடுவில் போய் நின்று, தன் உயரத்தில் வெறும் காற்றை முகர்ந்து, குட்டை வாலை ஆட்டியது. ஓரடி நகர்ந்து இன்னொன்றை முகர்ந்தது. அங்கேயும் ஆட்டியது. பிறகு அம்சவேணியிடம் வந்து அவள் வலது கையை நக்கியது.

அவள் இடது கையையும் ஒரு நாக்கு நக்கியது. சுட்டது. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. பிறகு காலில் ஒன்று. மறு காலில். விரலிடுக்கில். பாசமாக, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக வந்து நக்கிக்கொண்டே இருந்தன.