மேலறையில் அசைவு

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, மஃறூப் ஹாஜியார் காலஞ்சென்ற தம் மனைவி றுக்கையாவின் அறையைத் திறந்தார். அலமாரிக்குள் நகைப்பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அதனுள் இருக்க வேண்டிய தங்க அட்டியல் இல்லை.

அவ்வேளையில் மஸ்கெலியா ஊரும் வைத்த இடத்தில் இல்லை. நீர்த்தேக்கத்திலிருந்து ஏறிவந்த மூடுபனி முதலில் தேயிலைச் சரிவையும், பிறகு பஸ் நிலையத்தையும், இறுதியாகக் கடைத்தெருவையும் எடுத்துக்கொண்டிருந்தது. கீழே பலசரக்குக் கடையும், நடுவே வீடும், உச்சியில் அந்த ஒற்றை அறையுமாக நின்ற ஹாஜியாரின் கட்டடம், கரை தெரியாத வெண்மையில் மிதப்பதுபோலத் தோன்றியது.

அந்த வெண்மைக்குள் ஒரு சொல் விழுந்தது. ஹாஜியாரின் தங்கை முனீரா, வீட்டில் சமையல் செய்ய வரும் நாகலெட்சுமியைக் கடைவாசலுக்கு இழுத்துவந்து, தெருவே கேட்கச் சொன்ன சொல்.

"கள்ளி! சோறு போட்ட வீட்டுலயே கைய வெச்சிட்டியே!"

ஹாஜியாரின் முறைப்பாட்டின்பேரில், பிற்பகல் மூன்று மணிக்கு உப பொலிஸ் பரிசோதகர் கிருஷாந்தி வந்தார். ஹட்டனில் பிறந்தவர். குரலை உயர்த்தும் வழக்கம் அவருக்கில்லை. நாகலெட்சுமியை அழைத்துச் செல்ல ஐந்து மணிக்கு ஜீப் வரும் என்றும், அதற்குள் எல்லாரிடமும் பேச விரும்புவதாகவும் கூறி, நடுமாடியின் கூடத்தில் அமர்ந்தார்.

ஹாஜியாரின் மகள் நஸ்லியா தன் கைத்தொலைபேசியை அவர்முன் வைத்தாள். திரையில் ஒரே வரி இருந்தது: மேலறை: அசைவு. அதன் கீழே நேரம்: 12.50.

"இது என்ன?"

"என்ட வேலை மிஸ். கொழும்புல ஒரு கம்பெனி வீட்டுக்கு வைஃபை பெட்டி செய்யிறாங்க. மாடிக்கு ஒண்டா மூணு பெட்டி. மூணும் தங்களுக்குள்ள பேசிக்கிட்டு வீடு முழுக்க சிக்னல் குடுக்கும். பெட்டிக்குள்ள ஓடுற ஃபேர்ம்வேர் புதுசு, இன்னும் பீட்டா. வெளிய விட முந்தி நான் எங்கட வீட்டுல போட்டுப் பார்த்து, பிழையெல்லாம் எழுதி அனுப்பணும்."

"அசைவுன்னு சொல்றது?"

"புதுசா சேர்த்தது. அலை தண்ணி மாதிரி மிஸ். அறைக்குள்ள ஆள் நடந்தா கலங்கும். பெட்டி அத உணரும்."

"எப்ப வெச்சீங்க?"

"போன வாரம் வியாழன் காலைல. அண்டைக்கு முழுக்க அது அறையப் படிக்கும். அண்டைக்கு உள்ளுக்கு எது அசைஞ்சாலும், அது அந்த அறைக்கு உள்ளதுதான்னு எடுத்துக்கும். ஒண்டும் சொல்லாது. மறுநாள்ல இருந்துதான் காவல்."

"இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"அண்டைக்குப் பகல் சாப்பாட்டுல வாப்பாக்கும் முனீரா மாமிக்கும் மட்டும் சொன்னன். நாகலெட்சுமி அக்கா சமைச்சிட்டுப் போயிருந்தா."

"ஒரு வாரமா மேல அசைவே இல்லையா?"

"ஒண்டுமே இல்ல. இண்டைக்கு ஜும்மா தொழுகை நேரம்தான் காட்டிச்சு. நான் காதுல ஹெட்செட்டோட மீட்டிங்ல இருந்தன். வாப்பா பள்ளிவாசலால வந்த பொறகுதான் சொன்னன்."

கிருஷாந்தி மீண்டும் திரையைப் பார்த்தார். "இப்பவும் அசைவுன்னே இருக்கே. மேல யாருமில்ல, கதவும் பூட்டு."

நஸ்லியா வெட்கத்துடன் சிரித்தாள். "பீட்டாதானே மிஸ். பன்னெண்டு அம்பதுல இருந்து சிக்கிட்டு நிக்குது. அதையும் எழுதணும்."

"அறைச் சாவி?"

"வாப்பாட இடுப்புல. வெள்ளிக்கிழம குளிச்சிட்டு ஜும்மாக்குப் போனா மட்டும் இந்த ஆணியில தொங்கும். பெட்டி வெச்ச அண்டைக்கு எனக்குத் தந்தாங்க. நான் வேலைய முடிச்சி மேசைல போட்டுட்டன். வாப்பா இரவுதான் எடுத்தாங்க."

அடுத்து ஹாஜியார். பத்து வயது கூடியவர்போல வந்து அமர்ந்தார்.

"அட்டியலைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க ஹாஜியார்?"

"றுக்கையா மௌத்தாகி வருசக் கத்தம் ஓதின அண்டு. ரெண்டு மாசம் இரிக்கும். எங்கட உம்மாட அட்டியல் அது. றுக்கையாக்குப் போட்டாங்க. இனி நஸ்லியாட கலியாணத்துக்கு."

"அதுக்குப் பிறகு அறைக்குள்ள போகலயா?"

"போனா அழுக வருது மகள். போறதில்ல."

கூடத்துச் சுவரில் தேக்குச் சட்டமிட்ட பெரிய கடிகாரமொன்று நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. கிருஷாந்தியின் பார்வை அதில் நிற்பதை ஹாஜியார் கவனித்தார்.

"எங்கட வாப்பா தோட்டத்துத் தொர பங்களா ஏலத்துல எடுத்தது. சோடி. மத்தது மேல. றுக்கையா மௌத்தான நாள்ல இருந்து அதுக்கு யாரும் சாவி குடுக்கல்ல. நிண்டு போச்சு."

முனீரா வந்ததும் முதலில் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினார். பிறகுதான் அமர்ந்தார். மணமாகாதவர். ஐம்பதைக் கடந்தவர். இடுப்பிலே சாவிக் கொத்து.

"பன்னிரண்டு ஐம்பதுக்கு எங்க இருந்தீங்க?"

"என்ட அறைல. ஓதிக்கிட்டு. மேல போனது அவ ஒருத்திதான். துணி எடுக்கவாம்! ஆணியில சாவி தொங்கிச்சு. வேற என்ன வேணும்?"

"நீங்க மேலறைக்குப் போறதுண்டா?"

"மதினி மௌத்தான பொறகு அந்த வாசப்படிய நான் மிதிச்சதே இல்ல."

"கடிகாரம் பிசகாம ஓடுது."

"நேத்துத்தானே சாவி குடுத்தன்." முனீராவின் முகத்தில் முதன்முறையாக ஒரு மலர்ச்சி. "வியாழனுக்கு வியாழன், அசர் தொழுத கையோட. எட்டு நாள் ஓடும். நான் பாக்காட்டி இந்த வீட்டுல ஒண்டும் நேரத்துக்கு நடக்காது மிஸ். மஃறூப் நானா வேற, நஸ்லியா வேற, ரெண்டு பேரும் மூடுபனி மாதிரி. எங்க நிக்கிறாங்கன்னே தெரியாது."

சமையலறையில் நாகலெட்சுமி அணைந்த அடுப்பின் முன் நின்றிருந்தார். முந்தானைக்குள் கைத்தொலைபேசி அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை.

"யாரு அக்கா?"

"றொசல்லையிலேர்ந்து மீனம்மாங்க. மாப்பிள்ளையோட அம்மா. ஞாயித்துக்கெழம எம் பொண்ணுக்குப் பரிசம் போட வர்றாங்க." முந்தானையை அழுத்திப் பிடித்தார். "மூணாவது தடவ அடிக்கிறாங்க. சேதி அங்க போயிருச்சுங்க. எடுத்து நான் என்னன்னு சொல்ல?"

"மேல போனீங்களா?"

"போனேங்க. மூடுபனி ஏறுச்சு. மொட்ட மாடியில காஞ்ச துணியெல்லாம் திரும்ப நனைஞ்சிரும்னு ஓடுனேன். அந்தக் கதவத் தொடக்கூட இல்ல. புடிச்சிட்டுப் போறதுன்னா போங்க. ஆனா எடுத்தேன்னு மட்டும் என்னையச் சொல்லச் சொல்லாதீங்க."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருத்தரப் புடிச்சா திங்கள் வரைக்கும் எனக்கு எழுத்து வேலை அக்கா. எனக்கென்ன ஆசையா?" என்றார் கிருஷாந்தி. நாகலெட்சுமி கண்ணீரோடு சிரித்துவிட்டார்.

பிறகு ஹாஜியாரிடம் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு கிருஷாந்தி மட்டும் மேலறைக்குச் சென்றார்.

கதவைத் திறந்தபோது அறைக்குள்ளும் மூடுபனி இருப்பதாக ஒரு கணம் தோன்றியது. அது மெல்லிய திரைச்சீலையின் வழியே வந்த வெளிச்சம். கட்டில் விரிப்பின் மேல் மடிப்புக் கலையாத ஒரு சால்வை. மாடத்தில் உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி, தன் சிறு பச்சை விளக்கோடு, உறங்குபவரின் அருகே விழித்திருக்கும் ஒருவரைப் போல அமர்ந்திருந்தது. எதுவும் அசையவில்லை. ஆயினும் இவ்வறையில் அசைவு உண்டென்று அது மூன்று மணி நேரமாகக் கூறிக்கொண்டிருந்தது.

எதிர்ச்சுவரில் சோடியின் மற்றக் கடிகாரம். முட்கள் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நின்றிருந்தன. சட்டத்தின் மேல் ஓராண்டின் தூசு படிந்திருந்தது. கண்ணாடிக் கதவின் குமிழில் தூசு இல்லை.

கிருஷாந்தி அவ்விடத்திலேயே சிறிது நேரம் நின்றார். பெட்டி தவறு செய்யவில்லை என்று வைத்துக்கொண்டால்? அது சிக்கிக்கொள்ளவில்லை, உண்மையாகவே எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால்?

நான்கு மணி. எல்லாரும் கூடத்தில் இருந்தனர்.

"நஸ்லியா, உங்க பெட்டிக்கு அசைவுன்னா என்னன்னு தெரியுமா? இல்ல, படிச்சு வெச்சதுல இருந்து வித்தியாசம் வந்தா அதத்தான் அசைவுன்னு சொல்லுதா?"

"வித்தியாசம்தான் மிஸ். முத நாள் படிச்சது மாறினா..." அவள் பாதியில் நிறுத்தினாள்.

"சரி. ஹாஜியார், மேல உள்ள கடிகாரத்துச் சாவி எங்க?"

"ரெண்டுக்கும் ஒரே சாவிதான். தங்கச்சிட கொத்துல இரிக்கு."

முனீரா கொத்தைத் தரவில்லை. கிருஷாந்தி கை நீட்டியபடியே இருந்தார். சிறிய பித்தளைச் சாவி கைமாறுவதற்கு வெகுநேரம் சென்றது.

கிருஷாந்தி தனியே மேலேறினார். சாவி கொடுத்தார், ஊசலைத் தொட்டுவிட்டார், கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினார். தொலைபேசி மேசை நடுவே கிடந்தது. வெளியே தெரு இல்லை, ஊர் இல்லை. சிறிது நேரத்தில் திரையிலிருந்த எழுத்து மறைந்து, வேறோர் எழுத்து வந்தது.

மேலறை: அமைதி.

"யா அல்லாஹ்" என்றாள் நஸ்லியா. "கடிகாரம் ஓடினா அமைதிங்கிது. நிண்டா அசைவுங்கிது."

"ஏன்னா அது படிச்ச அன்னைக்குக் கடிகாரம் ஓடிக்கிட்டு இருந்திச்சு" என்றார் கிருஷாந்தி. "ஊசல் ஆடுறதுதான் அந்த அறையோட அமைதின்னு எடுத்துக்கிட்டது. இன்னைக்குப் பன்னிரண்டு ஐம்பதுக்குச் சாவி தீர்ந்து ஊசல் நின்னிச்சு. பெட்டிக்கு அது பெரிய கலக்கம். அப்பத்துலேர்ந்து கத்திக்கிட்டே இருக்கு. திருடின ஆள் போயிருந்தா அசைவும் போயிருக்கணும். போகல. பன்னிரண்டு ஐம்பதுக்கு அந்த அறைக்குள்ள யாரும் வரல."

ஹாஜியார் மெல்லக் கேட்டார்: "ஒரு வருசமா நிண்ட கடிகாரம் மிஸ். எப்பிடி ஓடிச்சு?"

"போன வாரம் வியாழக்கிழமை யாரோ முள்ளை நேரத்துக்கு வெச்சுச் சாவி குடுத்தாங்க. அறைச் சாவி அன்னைக்கு மேசையில கெடந்திச்சு. மறுநாள்லேர்ந்து பெட்டி காவல் காக்கும்னு சாப்பாட்டுல பேச்சு வந்திச்சு. அட்டியலை எடுக்கணும்னா அன்னைக்கே எடுக்கணும். அந்தப் பேச்சு நாகலெட்சுமி அக்காக்குத் தெரியாது. கடிகாரச் சாவியும் அவங்ககிட்ட இல்ல. எட்டு நாள் ஓடுற கடிகாரம். கூடத்துக் கடிகாரத்துக்கு நேத்து மறுபடி சாவி கெடைச்சிச்சு. மேல உள்ளதுக்குக் கெடைக்கல, கதவு பூட்டி இருந்திச்சு. அதனால இன்னைக்கு நின்னிச்சு." அவர் முனீராவின் பக்கம் திரும்பினார். "மனசு அட்டியலுக்குப் போச்சு. கை தன்னோட வேலையச் செஞ்சிச்சு. வியாழக்கிழமை, அசர் நேரம், கண் முன்னால நின்னுபோன ஒரு கடிகாரம். உங்களால பார்த்துட்டுச் சும்மா வர முடியல. இல்லையா முனீராம்மா?"

முனீரா மேசை விரிப்பை நீவினார். அதில் சுருக்கம் எதுவும் இருக்கவில்லை.

"குடுத்ததே எனக்கு நினைவில்ல" என்றார். "இப்பச் சொல்லித்தான் தெரியும்."

எழுந்து சென்று, தையல் இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து ஒரு துணிமுடிச்சைக் கொண்டுவந்து வைத்தார்.

"உம்மாட அட்டியல். உனக்குத்தான் மகள்ன்னு எனக்குச் சொன்னாங்க. எனக்குக் கலியாணம் சரிவரல்ல, மதினிட கழுத்துக்குப் போச்சு. இனி நஸ்லியாக்குப் போகும். ஒரு நாளாவது என்ட கைல இரிக்கட்டும்ன்னு நினைச்சன் நானா. பெட்டி இண்டைக்குக் கத்தின உடன பயந்து போனன். பயத்துல கண்ணுல பட்டது இவதான்."

ஹாஜியார் முடிச்சை அவிழ்க்காமலேயே கையில் எடுத்தார். "மிஸ், முறைப்பாட்ட நான் திருப்பி எடுத்துக்கிறன். வீட்டு விசயம்."

"அட்டியல் வீட்டு விசயம் ஹாஜியார். கடைவாசல்ல சொன்ன சொல் வீட்டு விசயமில்ல."

அப்போது நாகலெட்சுமியின் முந்தானைக்குள் தொலைபேசி மறுபடியும் அதிர்ந்தது. அவர் அதை எடுத்து, ஒலி எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, முனீராவின் முன்னே நீட்டினார்.

"நீங்களே பேசுங்க" என்றார்.

"அலோ? நாகலெட்சுமிங்களா?" மீனம்மாவின் குரல் மலைக்கு அப்பாலிருந்து வந்தது. "என்னமோ கேள்விப்பட்டோமே, என்னங்க அது?"

முனீரா தொலைபேசியை இரு கைகளாலும் பற்றினார்.

"நான் முனீரா பேசுறன். மஃறூப் முதலாளிட தங்கச்சி. நாகலெட்சுமியைக் கள்ளின்னு சொன்னது நான்தான். அவ எடுக்கல்ல. எடுத்தது நான். என்ட கையாலதான் எடுத்தன். அவள ஒண்டும் நினைக்க வேணாம்."

சன்னலுக்கு வெளியே மூடுபனி நின்றது. நாகலெட்சுமி கண்களை மூடிக்கொண்டார்.

பிறகு மீனம்மா சொன்னார்:

"சரிங்க. ஃபோன எங்க சம்பந்திகிட்ட குடுங்க."