நாலு நாற்பது வண்டி

ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே, தெருவைக் கடந்தால் வாசல் என்ற தூரத்தில் இருந்தது அந்தச் சிறிய ஹோட்டல். மொத்தமே பன்னிரண்டு அறைகள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, பித்தளைக் கைப்பிடி வைத்த கதவுகள், காலடிச் சத்தத்தை விழுங்கும் கம்பளம். மாப்பிள்ளை வீட்டார்தான் அறை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு அவர்களே வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

சர்வேயருக்கு அது பிடித்திருந்தது. பெண்ணைப் பெற்றவன் என்பதற்காக யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கிறவர் அல்ல அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் ஊருக்கு அவர் சர்வேயர்தான். அவர் அளந்து நட்ட கல்லும் சொன்ன சொல்லும் நகராது என்று பெயர்.

வரவேற்பு மேசையிலிருந்த பெண் சாவியோடு உள்ளங்கையகலச் சிலேட்டு ஒன்றையும் சாக்பீஸ் துண்டையும் நீட்டினாள்.

"வண்டி நேரத்தை எழுதிக் கதவுல மாட்டிடுங்க சார். நாப்பது நிமிஷம் முன்னாடி எங்க ஆளு வந்து தட்டுவார். 'வந்துட்டேன்'னு நீங்க குரல் கொடுக்கிற வரைக்கும் விட மாட்டார்."

"என் வண்டி நாளைக்குக் காலையில. என்னை இதுவரைக்கும் யாரும் எழுப்பினதில்லம்மா."

"சும்மாவாவது மாட்டி வைங்க சார். இது லாட்ஜா இருந்த காலத்துப் பழக்கம். கட்டடத்தையே மாத்திட்டோம், இதை மட்டும் மாத்தல."

லாட்ஜ் என்ற சொல் அவர் காதில் ஒரு கணம் நின்றது. ஸ்டேஷன் பக்கம் லாட்ஜுக்கா பஞ்சம் என்று தள்ளிவிட்டு மாடியேறினார். வெற்றுச் சிலேட்டை அறைக்கதவின் வெளிப்பக்க ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தார்.

அறையில் புதுப் பெயின்ட் வாசனை. அதற்கும் அடியில், நெடுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல ஒரு நெடி.

சரியாக நாலு மணி.

டக். டக். டக்.

"அண்ணா, வண்டிக்கு நேரமாச்சு."

பெண் குரல். கதவில் வாய் வைத்துப் பேசுவதுபோலத் தணிந்திருந்தது.

"எனக்கு வண்டி இல்ல. போம்மா."

டக். டக். டக்.

"அண்ணா."

எழுந்து போய்க் கதவைத் திறந்தார். தாழ்வாரத்தில் யாருமில்லை. சிலேட்டில் மட்டும் 4.40 என்று எழுதியிருந்தது. கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டு, சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

"மாடியில வேலை பாக்கிற பொண்ணுகிட்ட சொல்லி வை. என் சிலேட்டுல நாலு நாப்பதுன்னு எழுதிட்டுக் கதவைத் தட்டுறா. வயசுல பெரியவங்களை ஐயான்னு கூப்பிடணும். அண்ணனாம் அண்ணன். யாருக்கு யாரு அண்ணன்?"

அந்தப் பெண் விழித்தாள். "மாடியில பொண்ணுங்க யாரும் இல்லையே சார். இவர் ஒருத்தர்தான்."

பெட்டி தூக்குகிறவர் மேசையோரம் நின்றிருந்தார். "நான் இங்கேயேதான் நிக்கிறேன் சார். அதுவுமில்லாம நாலு நாப்பதுக்கு இப்ப வண்டியே கிடையாது. நிறுத்தி இருபது வருஷமாச்சு."

சர்வேயர் திரும்ப மாடியேறினார்.

சிலேட்டில் மறுபடியும் 4.40.

இம்முறை நின்று பார்த்தார். இரண்டு நாலும் கவிழ்த்துப் போட்ட நாற்காலிகள் மாதிரி. குறுக்குக்கோடு அளவுக்கு மீறி வலப்பக்கம் ஓடியிருந்தது. இப்படி நாலு போடுகிற ஒரே ஒரு கையைத்தான் அவருக்குத் தெரியும். "கோடு எல்லையைத் தாண்டுது பாரு" என்று அந்தக் கைவிரல்களில் அவர் அடிக்கோலால் தட்டியிருக்கிறார்.

அவருடைய தங்கை. பத்து வயது இளையவள்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் ஒருவனை நம்பி வீட்டைவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் இதே ஊரிலிருந்து அவர் ஆபீசுக்குப் போன் வந்தது. "அண்ணா, அவன் வரல. ஸ்டேஷனுக்கு எதிர்ல லாட்ஜில இருக்கேன். நாளைக்கு வந்து நாலு நாப்பது வண்டியில கூட்டிட்டுப் போயிடு." சுற்றி நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அப்படி எங்க வீட்டுல யாரும் இல்ல" என்று போனை வைத்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து, உடலை வாங்கிக்கொள்ள ஆள் வரவும் என்று தந்தி வந்தது. அதையும் கிழித்துப் போட்டார். குடும்பத்தின் பெயர் கெடாமல் நின்றது. அவருக்குப் பிறந்த மகளுக்குக்கூட அப்படி ஓர் அத்தை இருந்தது தெரியாது.

நாலரைக்கு மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். வாசலருகே சோபாவில் பேச்சு நடந்தது.

"எங்க பக்கம் விசாரிச்சா ஒரு லாரி சொந்தம் வந்து இறங்கும்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "உங்க பக்கம் எப்படி? கூடப் பிறந்தவங்க?"

சர்வேயர் வாயைத் திறப்பதற்குள் மாடியிலிருந்து சத்தம் வந்தது.

டக். டக். டக்.

பெட்டி தூக்குகிறவர் மேலே ஓடிப்போய், வெளுத்த முகத்தோடு இறங்கி வந்தார். "உங்க அறைதான் சார். உள்ளேயிருந்து தட்டுறாங்க. உங்ககூட யாராவது வந்திருக்காங்களா?"

சாவி சர்வேயரின் சட்டைப்பையில் இருந்தது.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு முப்பத்தொன்பது.

"யாரும் இல்ல," என்றார். முதுகு வளையாமல் உட்கார்ந்து இன்னொரு முறையும் சொன்னார். "எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல."

தட்டுவது நின்றது.

எதிரே ஸ்டேஷனில் ஒரு வண்டி ஊதிக்கொண்டு கிளம்பியது. எந்த வண்டி என்று பெட்டி தூக்குகிறவர் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். தண்டவாளம் காலியாகக் கிடந்தது.

"பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம்," என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தாள். சம்பந்தம் முடிவாயிற்று. அவர்கள் போன பிறகும் சர்வேயர் கீழேயே உட்கார்ந்திருந்தார்.

ராத்திரி அங்கே தங்க மனமில்லாமல், ஆறே முக்காலுக்குப் பெட்டியை எடுக்க மாடியேறும்போது கைப்பேசி ஒலித்தது. மகள். கிசுகிசுவென்று பேசினாள்.

"அப்பா, வாசல்ல ஒரு பொண்ணு வந்து நிக்கிறா. என் அத்தைன்னு சொல்றா. என்னைவிடச் சின்னவளா இருக்காப்பா."

அவர் மேல்படியில் நின்றார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"நாலு நாப்பது வண்டியில வந்தாளாம். எனக்கு அத்தையே கிடையாதுன்னேன். அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லுன்னு நிக்கிறா. என்ன சொல்லட்டும்?"

அந்தப் பழைய பதில் தொண்டைவரை வந்தது. வந்து, அங்கேயே நின்றது.

"உள்ள கூப்பிடும்மா," என்றார். "என் தங்கச்சிதான்."

மறுமுனையில் தாழ்ப்பாள் விலகும் ஓசை. பிறகு அவள் வாசலில் இறங்கி நடக்கும் சத்தம்.

"யாரையும் காணோம்ப்பா. கதவுல சின்னதா ஒரு சிலேட்டு தொங்குது. நம்ம வீட்டுல ஏது சிலேட்டு?"

சர்வேயர் நிமிர்ந்து தன் அறைக்கதவைப் பார்த்தார்.

ஆணி மட்டும் இருந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"வந்துட்டேன்னு எழுதியிருக்குப்பா."