பின்சீட்டில் வந்த ஆட்டம்

ஸ்டீயரிங் சும்மா இருந்தது, சீட்தான் ஆடியது. கையில் ஒன்றும் தெரியாமல் இடுப்புக்குக் கீழே மட்டும் ஒரு மெல்லிய உதறல் வந்து, கொஞ்சம் நின்று, மறுபடி வந்தது. எவாரிஸ்டோ நாற்பதுக்கு இறக்கினான், எண்பதுக்கு ஏற்றிப் பார்த்தான். உதறல் வேகத்தைச் சட்டை செய்யவே இல்லை. ஜன்னல் வழியே காய்ந்த முட்புதர் வாசனையும் உருகும் தாரின் வாசனையும் மாறி மாறி வந்தன. பின்சீட்டில் அவன் மனைவி நெலிடா, மூன்று மாதக் குழந்தை பெனிட்டாவை மடியில் போட்டுக்கொண்டு கண்மூடிக் கிடந்தாள். நெலிடாவுக்கு நான்கு நாளாக இறங்காத காய்ச்சல். சான் ஹுவான் ஆஸ்பத்திரிக்கு இன்னும் நூற்றைம்பது கிலோமீட்டர் இருந்தது.

வழியில் இருந்தது ஒரே பட்டறை. மெக்கானிக் டெல்மிரோ குடுவையில் மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டே காரைச் சுற்றி வந்தார்.

"ஸ்டீயரிங் ஆடுனா முன்சக்கரம், சீட்டு ஆடுனா பின்சக்கரம். மாமியாரை டிக்கில வச்சிருந்தா இப்பவே சொல்லிடு."

பின்சக்கரங்களைக் கழற்றி முன்னால் மாட்டினார். கோளாறு சக்கரத்தில் என்றால் ஆட்டம் கைக்கு வரவேண்டும். ஓட்டிப் பார்த்தார்கள், வரவில்லை. இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் இறுக்கமாக இருந்தன. பிளக்குகளில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாக ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்தார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கீழே மண்ணில் ஈரமும் இல்லை. ஒழுகாமல் எங்கே போயிற்று என்று அவருக்கே புரியவில்லை.

"கடைசியா எங்க தண்ணி ஊத்தினே?"

எவாரிஸ்டோ தலையைக் குனிந்துகொண்டான். நாற்பது கிலோமீட்டர் பின்னால், வளைவில் இருக்கும் கோயில். எந்தக் காலத்திலோ அந்தப் பாலைவெளியில் தாகத்தில் செத்துப்போன ஒருத்தியின் கோயில் அது. அவள் செத்த பிறகும் கைக்குழந்தை அவள் மார்பில் பால் குடித்தே பிழைத்துக் கிடந்ததாம். போகிற வருகிற டிரைவர்கள் எல்லாம் அவளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வைத்து, ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். ரேடியேட்டர் ஆவி கக்கியபோது சுற்றுவட்டாரத்தில் வீடு வாசல் ஒன்றும் இல்லை. அங்கிருந்து இரண்டு பாட்டில் எடுத்தான். அது அவளுடைய தண்ணீர், தொடாதே என்று நெலிடா அப்போதே சொன்னாள். காருக்குத்தானே, நாமா குடிக்கிறோம் என்று அவள் வாயை அடைத்துவிட்டான்.

டெல்மிரோ மாத்தேயைக் கீழே வைத்தார்.

"திரும்பிப் போ. நாலு பாட்டிலா வச்சுட்டு வா."

"இவளுக்கு உடம்பு கொதிக்குது அண்ணே. திரும்பிப் போனா ஆஸ்பத்திரிக்கு யாரைக் கொண்டு போறது?"

அவர் பின்சீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. ரேடியேட்டரை நிரப்பி, இரண்டு கேன் தண்ணீரை நெலிடாவின் காலடியில் வைத்தார். கார் நகரும் முன்பே பட்டறைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

இருபது கிலோமீட்டர் தாண்டுவதற்குள் உதறல் பெரிதாகிவிட்டது. இப்போது அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஓர் இழுப்பு, சின்ன நிறுத்தம், மறுபடி இழுப்பு. வெயில் சாய்ந்து, காரின் நிழல் சாலையோரத்தில் நீண்டு கூடவே ஓடியது, நிழலும் உதறியது. எவாரிஸ்டோவுக்குப் பயமாக இருந்தது. நெலிடாவைக் கூப்பிட்டான். ம் என்றாள். சற்றுப் பொறுத்து மறுபடி கூப்பிட்டான். பதில் இல்லை. தூங்கட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

சூட்டு முள் சிவப்புக்கு ஏறியது.

ஓரங்கட்டினான். இன்ஜினை அணைத்தான். சாவி கையில் இருந்தது.

கார் ஆடிக்கொண்டிருந்தது.

இறங்கினான். காற்று இல்லை. சாலையில் வேறு வண்டி இல்லை. நான்கு சக்கரமும் அசையாமல் நிற்க, கார் மட்டும் முன்னும் பின்னும் ஆடியது. இழுப்பு. நிறுத்தம். இழுப்பு.

பின்கதவைத் திறந்தான். கேனைத் தூக்கினான், கனமே இல்லை. மூடி இறுக்கமாக இருந்தது. திருகித் திறந்து விரலை விட்டான். புழுதி. இன்னொன்றிலும் புழுதி.

"நெலிடா, தண்ணிய நீயா குடிச்சே?"

உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தான். நெலிடாவின் கண்கள் திறந்திருந்தன. உதடுகள் பல்லோடு ஒட்டிச் சுருங்கியிருந்தன. சீட்டில் கிடந்த அவள் கை, வெயிலில் போட்ட தோலைப் போலக் காய்ந்திருந்தது. அவள் மார்பில் குழந்தை. கொழுகொழுவென்று, ஈரமாக, காலையில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. கன்னம் குழிந்து ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கார் ஆடியது.

பெனிட்டா குடிப்பதை நிறுத்தவில்லை. கண்ணை மட்டும் திருப்பி அப்பாவைப் பார்த்தாள்.

எவாரிஸ்டோ எச்சில் விழுங்கப் பார்த்தான். வாயில் எச்சில் இல்லை.