ரெண்டு பேரு பாக்கி

பால் பொங்கி, வற்றி, பாத்திரம் தீய்ந்துபோயிருந்தது. பக்கத்திலேயே நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்த வரலட்சுமிக்குத் தெரியவே இல்லை! கொரோனா வந்து போய் ஆறு மாதமாகியும் அவளுக்கு வாசனை திரும்பவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வெளியே தெரியாத நோய் அல்லவா? அதனால் அந்த வீட்டில் இதற்கு வைத்த பேர் சோம்பேறித்தனம்.

"வாசன தெரியல, மூச்சு வாங்குது... இன்னும் எத்தினி நாளைக்குடி இதையே சொல்லிகினு இருப்ப?" கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டும் அவள் புருஷன் தீனதயாளன் கத்தினான். "நாளான்னிக்கு எந்தங்கச்சி கீர்த்தனா பிரசவத்துக்கு வருது. இன்னிக்கு நர்சம்மா வூட்டுக்கே வராங்க. ரெண்டாவது கொரோனா ஊசியப் போட்டுக்கோ. இல்ல, மதுராந்தகத்துக்கு உங்கம்மா வூட்டுக்குக் கெளம்பு!"

கூடத்தில் அவளுடைய பை தயாராக இருந்தது. துணிகளை எடுத்து அடைத்ததும் அவன்தான்.

முதல் ஊசிக்குப் பிறகு பதினைந்து நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவள் அவள். இன்னொரு ஊசியை இந்த உடம்பு தாங்குமா? போடாமல் விட்டு, நோய் மறுபடி வந்தால் அதைத்தான் தாங்குமா? இரண்டு பயத்துக்கும் நடுவே அவள் தவித்தது யாருக்குப் புரிந்தது!

மாமியார் அம்சா மட்டும் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்துத் தடுப்பூசி முகாமில் ஊசியைப் பார்த்ததுமே வரிசையை விட்டு ஓடிவந்தவள் அவள். கொரோனாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குத்திய குத்தெல்லாம் ஞாபகம் வந்துவிட்டதாம். "தீனாகிட்ட சொல்லிடாதம்மா" என்று அழுதவளுக்கு வரலட்சுமி வாக்குக் கொடுத்திருந்தாள். இத்தனைக்கும், அந்த மாமியாரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டதில்தான் இவளுக்கு நோய் தொற்றியது.

வரலட்சுமி அரிந்த வெங்காயத்தை அடுப்பில் வதங்கப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். நர்ஸ் ரெஜினா வந்து நோட்டைப் புரட்டினாள். "உங்க வூட்ல ரெண்டு பேரு பாக்கி."

"ரெண்டா? இவ ஒருத்திதானே?" என்றான் தீனதயாளன்.

அம்சாவின் முகம் வெளிறியது. ரெஜினா பேரைப் படிக்குமுன் வரலட்சுமி முந்திக்கொண்டாள். "ரெண்டு பேரு இல்லக்கா... எனக்குத்தான் ரெண்டு ஊசியும் பாக்கி."

"அடிப்பாவி! அப்ப மொத ஊசியே போடலியா? பதினஞ்சு நாள் படுத்துக் கெடந்ததெல்லாம் நடிப்பா? உனக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தேனேடி!" ரெஜினா நோட்டைப் பார்த்து வாய் திறக்குமுன் தீனதயாளன் கத்தினான்.

பட்ட வலியைத் தன் வாயாலேயே பொய்யாக்கிவிட்டோமே என்று வரலட்சுமிக்கு உறுத்தியது. குனிந்து பையைத் தூக்கினாள். மூச்சு இரைத்தது. சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"டேய், நிறுத்துடா!" அம்சா அலறினாள். "பாக்கி நாந்தாண்டா! மொத ஊசிய அவ போட்டுக்கினா... பயந்து ஓடியாந்தவ நானு! என்னைப் பாத்துக்கப் போய் நோவு வாங்கினா... இப்ப எனக்காவ உங்கிட்ட பேச்சும் வாங்கறாளே, பாவி மவ!"

மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, ஒரு கையை ரெஜினாவிடம் நீட்டினாள். மற்றக் கையால் வரலட்சுமியின் கையை இறுகப் பிடித்தாள். "குத்தும்மா!"

தீனதயாளனுக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. "வரலட்சுமி... உனக்கு ஊசி?"

"செவ்வாக்கெழம செங்கல்பட்டுல டாக்டரக் கேட்டுட்டு நானே சொல்றேன். பயந்துகினு போடாமயும் இருக்க மாட்டேன். திட்டு வாங்கிகினு போட்டுக்கவும் மாட்டேன்."

அவன் பையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான். சட்டென்று மூக்கை உறிஞ்சினான். "இன்னாவோ தீயுது..."

வரலட்சுமி பதறி எழப்போனாள்.

"நீ ஒக்காரு!" என்று சொல்லிவிட்டு, அவனே அடுப்படிக்கு ஓடினான்.