முந்நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர்

"ஐயோ... சார்ர்ர்!"

காலை ஏழு மணிக்கு அலறியவன், பூமியில் துளை போடும் டிரில்லர்.

துளைக் கற்களை அடுக்கி வைக்கும் ஷெட்டின் நடுவே, மரப்பெட்டிகளுக்கு இடையில் சின்ன மாப்பிள்ளை குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்து... செத்துப் போயிருந்தார்!

முகாமில் இரண்டு புவியியலாளர்கள். அக்காவைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை. தங்கையைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. முந்நூறு மீட்டர் மணலுக்குக் கீழே புதைந்த அடிப்பாறையில் செம்பு தேடுவது வேலை. பெரியவர் பதினோரு துளை போட்டார். வெறும் கல்! சின்னவர் போட்டது ஒரே துளை. செம்பு!

மாமனார் வீட்டில் அன்றிலிருந்து சின்னவர் புராணம்தான். பெரியவருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே ஏட்டு.

"சார், இவன்தான்!" பெரியவர் டிரில்லரைக் காட்டினார். "நேத்து என் சகலை இவனை வேலையை விட்டுப் போகச் சொன்னாரு. சண்டை போட்டான்!"

"சண்டை போட்டேன் சார்... கொல்லலை! ரெண்டு பொண்ணு இருக்கு சார் எனக்கு!" டிரில்லர் அழுதுவிட்டான்.

இன்ஸ்பெக்டர் பெட்டிகளைப் பார்த்தபடி நடந்தார். துளையிலிருந்து எடுத்த உருளைக் கற்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் தூசி.

ஒன்றில் மட்டும் இல்லை!

312 என்று எழுதிய இடத்தில் முழ நீளக் கல். கழுவிய ஈரம். எடுத்தார். கனத்தது. மெல்லிய விரிசலுக்குள்... ரத்தம்!

"ஆயுதம் கிடைச்சாச்சு" என்றவர் கல்லை டிரில்லரிடம் நீட்டினார். "இதை எடுத்த இடத்துல வைய்யி."

"நான் மேல எடுத்துக் குடுக்கறதோட சரி சார். அடுக்கறது, கோடு போடறது எல்லாம் இவங்க ரெண்டு பேர்தான்..."

"வைய்யின்னா வை!"

வாங்கி வைத்தான்.

"யோவ்! தலைகீழா வைக்கிறே!" பெரியவர் பாய்ந்து பிடுங்கினார். திருப்பினார். உடைந்த விளிம்பை விளிம்போடு பொருத்தினார். முன்கல், இந்தக் கல், பின்கல் மூன்றிலும் வரைந்திருந்த சிவப்புக் கோடு ஒன்றாய்ச் சேர்ந்தது.

பழக்கதோஷம்!

"நான் எடுக்கறப்பவும் இப்படித்தான் சார் இருந்துச்சு. அச்சு அசலா!" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "இவன் கொன்னிருந்தா கல்லைத் தூக்கிப் போட்டுட்டு ஓடியிருப்பான். கழுவி, விளிம்பு பார்த்து, கோடு சேர்த்து வைக்கத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தர் தரையில கிடக்காரு..."

பெரியவர் வெடித்தார்.

"பதினோரு துளை சார்! ஆறு வருஷம்! நேத்து வந்தவன் ஒரே துளையில... 'சின்ன மாப்பிள்ளைக்குத்தான் மூளை'ன்னு மாமனார் என்கிட்டயே சொல்றாரு! தாங்கலை சார்... தாங்கலை!"

"அதுக்கு ஒரே கல்லுல ரெண்டு மாங்காயா? சகலைக்குச் சாவு, டிரில்லருக்குப் பழி!"

ஏட்டு ஒரு காகிதத்தோடு வந்தார். "சின்னவர் மேசை டிராயர்ல இருந்துச்சு சார். தலைமை அலுவலகத்துக்கு இன்னிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை."

இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார்.

"'இந்த இடத்தை வரைபடத்தில் முதலில் குறித்தவர் என் சகலை. அவர் கைவிட்ட இடத்தில்தான் நான் துளையிட்டேன். கண்டுபிடிப்பின் பெருமை அவருக்கே. பதவி உயர்வையும் அவருக்கே தரக் கோருகிறேன்.'"

பெரியவர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். விலங்கு மாட்ட வசதியாகக் கையை இறக்கிவிட்டார் ஏட்டு.

"முந்நூறு மீட்டர் ஆழத்துல என்ன இருக்குன்னு பார்த்தீங்க..." என்றார் இன்ஸ்பெக்டர். "முக்கால் அடி டிராயரைத் திறந்து பார்க்கலையே சார்!"