நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரு பற்றாளர்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே ஐயம் உண்டு. அங்கே குடியிருந்தவர்களைக் கேட்டுத் தெளியவும் வழியில்லை. கேட்டால் புன்னகைக்கிறார்கள், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பற்று இல்லாத இடத்தில் நினைவும் தங்காது போலிருக்கிறது. கோவைக்கு மேற்கே, பதினான்கு மாடி, நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் என்பது வரை உறுதி. அன்று காலை கோகிலவாணி ஐந்தாம் மாடியில் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள் என்பதும் உறுதி.

கனகசபையின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மேசைமேல் திறந்த சட்டியில் குழம்பு. அதன்மேல் வெள்ளையாகப் பூசணம். அவர் அதன் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மிணி. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"அது கெட்டு மூணு நாளாச்சுங்கண்ணா. புழு நெளியுது பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "ஆமாங்க. என்ன அழகா நெளியுது."

அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினாள். அதுதான் அவள் வேலை.

எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு கருவி. பற்றறுப்பி என்று அரசு பெயர் வைத்தது, ஊர் அதை அறுப்பி என்று சுருக்கிக்கொண்டது. ஒரு ஜிலேபியைத் தின்றால் அதன் இனிப்பு முழுவதும் கிடைக்கும். 'இன்னொன்று' என்று மனம் எழுகிற அந்த நொடியை மட்டும் அது நறுக்கிவிடும். துறவிகள் காடு மேடெல்லாம் அலைந்து தேடிய நிலை ஒரே ஊசியில் கிடைத்தது. திருட்டு ஒழிந்தது. மதுக்கடைகள் தாமாகவே மூடிக்கொண்டன, இரண்டாவது கோப்பை கேட்க ஆளில்லாமல்.

கருவியைச் செய்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அருவருப்பும் ஓர் ஆசைதான். இது என்னைவிட்டுப் போகவேண்டும் என்கிற ஆசை. அதையும் சேர்த்தே அது நறுக்கியது. முதல் ஆண்டிலேயே சில கட்டடங்களில் குப்பைக்கு நடுவே, சிரித்த முகத்தோடு ஆட்கள் செத்துக் கிடந்தார்கள். அதன்பிறகு சட்டம் வந்தது. கட்டடத்துக்கு ஒருவர் அறுப்பி இல்லாமல் இருக்கவேண்டும். வேண்டும், வேண்டாம் என்று மற்றவர்களுக்காகச் சொல்ல ஓர் ஆள். அவருக்குப் பற்றாளர் என்று பெயர். மருத்துவர்களுக்கும் அறுப்பி கிடையாது.

குடவோலைக் குலுக்கலில் கோகிலவாணியின் பெயர் வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

அவள் வீடு திரும்பியபோது கணவன் தேவசேனாபதி பால்கனியில் மாம்பழம் தின்றுகொண்டிருந்தார். சாறு முழங்கைவரை வழிந்தது. முக்காலிமேல் நீட்டியிருந்த இடது காலில் ஈ மொய்த்தது. சர்க்கரைப் புண். காலையில் அவள் சுற்றிவிட்ட துணிக்கட்டு அவிழ்ந்து தரையில் கிடந்தது.

"வாணி, இந்த மாதிரிப் பழம் நான் தின்னதே இல்லை."

"நேத்தும் இதேதான் சொன்னீங்க."

"நேத்தும் அப்படித்தான் இருந்துச்சு."

"கால் நாறுதுங்க."

"ம். கனமான வாசம்."

புண்ணைத் துடைக்கும்போது அவளுக்குக் குமட்டியதில்லை. நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்கும்போதுதான் குமட்டும். முன்பெல்லாம் அவள் காய் வாங்கப் போய்வரக் கால்மணி தாமதமானால் மாடிப்படியில் வந்து நிற்கிற மனிதர். அறுப்பி வந்தபிறகு, தன் அம்மாவின் சாவுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து அவள் வந்தபோது, அடுத்த அறையிலிருந்து வந்தவளைப் போல வரவேற்றார். அவர் பிழைக்கவேண்டும் என்று அவள் விரும்பினாள். பிழைக்கவேண்டும் என்று அவரே விரும்பவேண்டும், அதைத்தான் இன்னும் அதிகம் விரும்பினாள்.

மருத்துவமனையில் மருத்துவர் ஹெப்சிபா புண்ணைப் பார்த்து முகம் சுளித்தார். அந்தச் சுளிப்பைக் கண்டதில் கோகிலவாணிக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"காப்பாத்திடலாம். ஆனா மூணு மாசம் அறுப்பியை நிறுத்தி வைக்கணும். வலிச்சா அவரே காலை நகர்த்தணும், நாறினா அவரே கழுவச் சொல்லணும். அவருக்காக நீங்க அருவருப்புப் பட்டா அந்தப் புண் ஆறாது."

"நிறுத்தாட்டி?"

"மூணு வாரம் இருப்பார். அவர் வாயாலதான் சம்மதம் சொல்லணும். அறுப்பி ஓடறப்ப சொல்றது செல்லாது. பதினஞ்சு நிமிஷம் நிறுத்தறேன், கேளுங்க."

"நிறுத்துங்களேன். எனக்கொண்ணுமில்லை" என்றார் தேவசேனாபதி, ஜன்னலைப் பார்த்தபடி.

நிறுத்தினார்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் மூக்கு விடைத்தது. குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"இது என்னோடதா?"

தின்ற மாம்பழம் அத்தனையும் தரையில் வந்து விழுந்தது. அவள் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டார்.

"உங்கம்மா செத்தப்ப நீ பத்து நாள் இல்லை. எனக்கு ஒண்ணுமே தோணலை வாணி. ஒண்ணுமே."

ஏழு வருடமாக அவள் காத்திருந்த முகம் அது. அவள் அழவில்லை. மூன்று மாதக் கணக்கை மெதுவாக எடுத்துச் சொன்னாள்.

"மூணு மாசமா? இந்த நாத்தத்தோடவா?"

"நான் இருக்கேன்லங்க. ஏழு வருஷமா இருக்கேன்."

"அதான் கேக்கறேன். எப்படி இருந்தே?"

அவர் அவள் கையை முகத்தருகே கொண்டுபோனார். சட்டென்று விட்டுவிட்டார்.

"உன் மேலயும் அடிக்குது."

அவர் மருத்துவர் பக்கம் திரும்பினார்.

"போட்டுவிட்டுருங்க டாக்டர்."

"யோசிச்சுச் சொல்லுங்க. இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு."

"ஒன்பது நிமிஷமெல்லாம் முடியாது. இப்பவே போடுங்க."

"எனக்காக இருக்க மாட்டீங்களா?" என்றாள் கோகிலவாணி.

அவர் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். மாட்டேன் என்று.

போட்டார்கள். சுருக்கமெல்லாம் விலகி முகம் வழுவழுவென்றானது. "மழை வரும்போல. எவ்வளவு நல்லா இருக்கு" என்றார்.

மருத்துவர் ஒரு துணியை எடுத்துவந்து வாந்தியைத் தாமே துடைத்தார். வெளியே உண்மையாகவே மழை வந்து, பெய்து, விட்டது.

"எனக்கு ஒரு அறுப்பி வேணுங்க."

"நீங்க பற்றாளர். பதிலுக்கு ஆள் காட்டணும்."

"அங்க யாரும் எதையும் வேணும்னு சொல்றதில்லையே. எங்க போய் ஆள் பிடிக்க?"

"கட்டடத்துக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். தெரியறதுதான் தாங்க முடியலை."

ஹெப்சிபா வாந்தி துடைத்த தன் கையை முகர்ந்து பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஊசியை எடுத்தார்.

தேவசேனாபதி பதினெட்டாம் நாள் இறந்தார். கோகிலவாணி பக்கத்திலேயே இருந்தாள். அந்த நாள் அவளுக்கு இனிமையாகவே கழிந்தது. மேலும் ஆறு நாள் உடல் பால்கனியிலேயே இருந்தது. கனகசபை மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கில் போனார். தொட்டித் தண்ணீர் கெட்டு மேலும் முப்பத்தொன்பது வீடுகள் காலியாயின. மிஞ்சியவர்களை அரசு வேறு கட்டடங்களுக்குப் பிரித்து அனுப்பியது. ஹெப்சிபாமேல் விசாரணை வந்தது. அதற்குள் அவரும் அறுப்பி வைத்துக்கொண்டிருந்தார், தண்டனையைப் புன்னகையோடு கேட்டுக்கொண்டார். கோகிலவாணி இப்போது பல்லடத்தில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நலமாக இருக்கிறாள். அந்தக் கட்டடத்துப் பற்றாளர் தினம் இருமுறை வந்து அவளைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறார்.