புகை நின்ற நேரம்

ஜனவரி 16, வியாழன். மாலை 6.30.

குழந்தைக்கு ஊட்டி முடித்து, கொட்டகை அடுப்பிலிருந்து சூப்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் மருவா மாமனாரைச் சாப்பிடக் கூப்பிடப் போனாள். அவருடைய அறை வீட்டின் மறு கோடியில், தனி வாசலோடு, தனி அடுப்போடு இருந்தது.

"மாமா... சூப் ஆறிப்போகுது."

பதில் இல்லை. காது மந்தமானவர்தான் என்று கதவைத் தள்ளினாள். உள்ளே இருந்த காற்று ஏதோ ஈரக் கம்பளியை முகத்தில் போட்டு மூடியதுபோல அமுக்கியது. தலை சுற்றியது. சன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பெரியவர் கன்னத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, மதியம் படுத்த மாதிரியே படுத்திருந்தார். முகம் வெளுக்கவில்லை. குதிரைப் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவர்போலச் சிவந்திருந்தது.

அடுப்பில் சாம்பலுக்கு அடியில் கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. ஆனால் புகைபோக்கியை அடைக்கும் இரும்புத் தகடு கடைசிவரை உள்ளே தள்ளப்பட்டிருந்தது.

கமிஸ்தி கிராமத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும், கரி கறுக்கும்வரை அந்தத் தகட்டில் கை வைக்கக் கூடாது. வைத்தால் விஷவாயு வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே தங்கிவிடும். அசதியில் யாரும் செய்கிற காரியமில்லை அது.

வெள்ளி. காலை 8.15.

கேப்டன் ரௌஷன் காவல் அறைக்குள் நுழைந்தபோது, காவலர் சபீத் கேஸையே முடித்து வைத்திருந்தான்.

"மருமகள்தான், மேடம். படமே இருக்கு. மத்தியானம் ஜீப் வந்து கூட்டிட்டுப் போயிடும்."

"குழந்தை?"

"மூணு வயசுப் பொண்ணு. செத்தவரோட தம்பி மகன் நுர்தாஸ் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. அவர்தானே இனிமே சொந்தம்."

ரௌஷன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பத்து வருஷமாக இந்த ஆற்றங்கரையிலேயே இருக்கிறாள். ஊர்ப் பொதுக்கூடமான கலாச்சார மாளிகையில் மாசம் ஒரு நாள் ஃபோன் மோசடி பற்றிப் பேசக் கூட்டம் போடுவாள். வருகிறவர்கள் மோசடியைத் தவிர எல்லாவற்றையும் கேட்பார்கள். சார்ஜ் ஏன் நிற்கவில்லை, ஃபோன் ஏன் சுடுகிறது, பேத்தி படம் எங்கே போச்சு. அவளும் சலிக்காமல் சொல்வாள்.

மருவா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"செத்தவர் பேரைச் சொல்ல மாட்டேங்கறா, மேடம். வாக்குமூலத்துல அந்த இடம் காலியாவே இருக்கு."

"மருமகள் எப்படிடா மாமனார் பேரைச் சொல்லுவா? உங்க வீட்ல உன் பொண்டாட்டி உங்கப்பா பேரைச் சொல்லுவாளா?"

சபீத் வாக்குமூலத் தாளை மடித்து வைத்தான்.

ரௌஷன் நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டாள். "நேத்து நடந்ததைச் சொல்லும்மா."

"காலையில இருந்து ரொட்டிச் சூளையில ஆறு பேரோட வேலை, அக்கா. பிள்ளையும் என்கூடத்தான் இருந்தா. நாலே முக்காலுக்குச் சூளையை விட்டுக் கிளம்பினேன். ரொட்டி வண்டியில அஞ்சு மணிக்கு வீடு. அதுக்குள்ள இருட்டிட்டு வந்துடுச்சு. ஃபோன் டார்ச்சை வாயில கடிச்சிக்கிட்டுதான் பாலைக் கறந்தேன்."

"மாமனார் அறைக்குப் போகலையா?"

"தூங்கறவரை எதுக்கு எழுப்பணும்னு..." குழந்தையின் தலையைத் தடவினாள். "போயிருந்தா பொழச்சிருப்பாரா, அக்கா?"

ரௌஷன் குறிப்பேட்டில் பக்கத்தைத் திருப்பினாள்.

"அவருக்கும் உனக்கும் ஏதாவது மனஸ்தாபம்?"

"எனக்கும் அவருக்குமா?" மருவா நிமிர்ந்தாள். "என் வீட்டுக்காரர் லாரி விபத்துல போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. செத்தவன் பொண்டாட்டி அந்தக் குடும்பத்துக்குள்ளயே இருக்கணும், என்னைக் கட்டிக்கோன்னு நுர்தாஸ் வந்து நின்னான். மாமாதான் முடியாதுன்னுட்டாரு. 'நீ இனிமே மருமகள் இல்லை, என் மகள்'னாரு. பெரியவங்களைக் கூப்பிட்டு அவங்க முன்னாடி துவா ஓதி என்னை மகளாக்கி, வீட்டையும் என் பேருக்கு விடறேன்னாரு."

"எப்ப?"

"இன்னைக்கு. வெள்ளிக்கிழமைக்குன்னு அறுத்த ஆடுதான் இப்ப இழவு வீட்டு அண்டாவுல வேகுது."

குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது. மருவா தட்டிக் கொடுத்தாள்.

"ஜெயிலுக்கு அனுப்புறதுன்னா அனுப்புங்க. ஒண்ணே ஒண்ணு. அவரை எடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒப்பாரி வைக்கணும். மகன் இல்லை. மகள் இல்லை. நான் அழாட்டா அவரை யார் அழுது அனுப்புவா?"

9.20.

"அந்தப் படத்தைக் காட்டு."

படம் எடுத்தவள் குல்யாஷ், பெரியவருக்கு எதிர்வீட்டுக்காரி. ஆற்றுக்கு அக்கரையில் வேறு நாடு. மகளை அங்கே கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஃபோனும் கையுமாகக் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் யார் மேலயும் பழி போடலை, கண்ணு. மகள்கிட்டப் பேச ஆத்தங்கரைக்குப் போனேன். வீட்ல அக்கரைச் சிக்னல் எடுக்காது. ஆறு உறைஞ்சு, சூரியன் மேல விழுந்து, செம்பு அண்டா மாதிரி மின்னுச்சு. மகளுக்குக் காட்டலாம்னு ரெண்டு படம் எடுத்தேன். அவ்வளவுதான்."

"உங்க ஃபோன்ல ரெண்டு சிம்மா?"

"ஆமா, இந்தப் பக்கத்துது ஒண்ணு, அந்தப் பக்கத்துது ஒண்ணு. அந்தப் பக்கத்து சிம்ல பேசினாதான் மகளுக்கு மலிவு. இந்தக் கரையில யார்கிட்ட ஒரு சிம் மட்டும் இருக்கு?"

முதல் படம். உறைந்த ஆறு. மலைமேல் உட்காரப் போகும் சிவப்புச் சூரியன். ஓரத்தில் பெரியவர் வீட்டின் பின்பக்கம், புகைபோக்கியிலிருந்து நேராக எழும் புகை. இரண்டாவது படத்தில் எல்லாமே அப்படியே இருந்தது. புகை மட்டும் இல்லை.

சபீத் விவரத்தைத் திறந்து காட்டினான். "முதல் படம் 5.31. ரெண்டாவது 5.38. அந்த ஏழு நிமிஷத்துல யாரோ தகட்டைத் தள்ளியிருக்காங்க. 5.31-க்கு அந்த வீட்ல மருவாவைத் தவிர யாரும் இல்லை. நுர்தாஸ் அஞ்சேகாலுக்கே கோர்தாய்ல கல்யாண விருந்துல இருந்தாரு. மாப்பிள்ளைக்குக் கை குலுக்கற வீடியோ இருக்கு, நூறு பேர் சாட்சி இருக்கு."

"படத்துல மணி பார்க்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"எனக்கு எங்க மேடம் தோணும்? நுர்தாஸ்தான் சொன்னாரு. அந்த அம்மா ஊர் குரூப்ல போட்டிருந்ததைப் பார்த்துட்டு, 'அவங்க ஃபோனை வாங்கி விவரத்தை அழுத்திப் பாருங்க'ன்னாரு. பஜார்ல ஃபோன் கடைதானே வச்சிருக்காரு."

ரௌஷன் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். புகையைப் பார்க்கவில்லை. வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குல்யாஷ் அக்கா, உங்க மாட்டை எப்பக் கறப்பீங்க?"

"அஞ்சு மணிக்கு. ஏன் கேக்கறே? போன வருஷம் நாடு பூரா ஒரே மணின்னு சொல்லி நம்ம மணியைப் பின்னாடி தள்ளினாங்களே, அதுல இருந்து பெரிய இம்சை. அஞ்சு மணிக்கே கண்ணு தெரியலை. மாட்டை விட்டுட்டு வாளியைக் கறந்தாலும் கறப்பேன்."

சபீத் சிரித்தான். ரௌஷன் சிரிக்கவில்லை.

"ஃபோனை எடுத்துக்கிட்டு என்கூட வாங்க. சபீத், நீயும் வா."

10.05. ஆற்றங்கரை.

நாணல் முழுக்க உறைபனி. கரை மேட்டுக்கு வந்ததும் ரௌஷன் கையை நீட்டி நிறுத்தினாள்.

"ஃபோன்ல மணி என்ன?"

"பத்து அஞ்சு," என்றாள் குல்யாஷ்.

"மகளைக் கூப்பிடுங்க, எப்பவும் கூப்பிடற இடத்துக்குப் போய்."

குல்யாஷ் சறுக்கிச் சறுக்கி இறங்கி, விளிம்பில் போய் நின்றாள். ஃபோனை நீட்டிப் பிடித்து அக்கரைச் சிக்னல் வரும்வரை காத்திருந்தாள். ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று.

"இப்ப மணி?"

குல்யாஷ் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"பதினொண்ணு எட்டு... என்னடி இது! ஒரு மணி நேரம் எங்க போச்சு?"

"எங்கயும் போகலை. நம்ம பக்கம் மணியைப் பின்னாடி தள்ளினாங்க, அந்தப் பக்கம் தள்ளலை. அக்கரை டவரைப் பிடிச்சதும் ஃபோன் அந்த ஊர் மணிக்குப் போயிடுது. மேட்டுக்கு ஏறி வீட்டுக்குப் போனா நம்ம மணிக்குத் திரும்பிடுது. வீட்ல இருக்கிறவரைக்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"நீதானே கண்ணு கூட்டத்துல சொன்னே! 'கையால மணி வைக்காதீங்க, தானா மாறட்டும்னு விட்டுடுங்க'ன்னு."

"ஆமா," என்றாள் ரௌஷன். "நான்தான் சொன்னேன்."



சபீத் தலையைச் சொறிந்தான். "இருந்தாலும் மேடம், இன்னைக்கு மாறுது சரி. நேத்தும் மாறுச்சுன்னு எப்படி நிரூபிக்கிறது?"

"வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் வா."

10.40. இழவு வீடு.

ஆண்கள் இடுப்பில் துணி கட்டி, கோலூன்றி, வாசலில் வரிசையாக நின்றார்கள். வருகிறவர்களைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். முதலில் நின்றவன் நுர்தாஸ். கண் வீங்கியிருந்தது.

"ஒரு நிமிஷம் இப்படி வா, நுர்தாஸ்."

"அடக்கத்துக்கு நேரமாச்சு, கேப்டன்."

"அடக்கத்துக்கு முன்னாடியே முடிச்சிடலாம். நேத்து நீ எத்தனை மணிக்கு இங்க இருந்து கிளம்பினே?"

"நாலு நாற்பது. எத்தனை வாட்டி சொல்றது?"

"அதுவரைக்கும் எங்க இருந்தே?"

"பெரியப்பா பக்கத்துலதான். சாப்பிட்டுத் தூங்கிட்டாரு. குளிருமேன்னு கரி போட்டு உட்கார்ந்திருந்தேன்."

"வேற யாராவது வந்தாங்களா?"

"ஈ, காக்கா இல்லை."

"கிளம்பும்போது புகை?"

"நல்லா போயிட்டிருந்துச்சு. வண்டியில ஏறும்போது திரும்பிப் பார்த்தேன்."

"நிச்சயமா?"

"உள்ள படுத்திருக்கிறவர் மேல ஆணையா."

கோலூன்றி நின்றவர்களில் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ரௌஷன் குல்யாஷிடம் ஃபோனை வாங்கினாள். "ரெண்டாவது படத்தோட மணி 5.38, நீ சபீத்துக்குக் காட்டினது. மலைமேல சூரியன் இருக்கா?"

நுர்தாஸ் கோலைக் கை மாற்றிப் பிடித்தான்.

"இருக்கு. இந்த மாசம் நம்ம ஊர்ல அஞ்சு அடிக்கறதுக்குள்ள சூரியன் இறங்கிடுது. மருவா அஞ்சு மணிக்கு டார்ச்சைக் கடிச்சிக்கிட்டுப் பால் கறந்திருக்கா. அப்புறம் 5.38-க்கு ஏதுடா வெயில்?"

"கிழவி ஃபோன் ஏதோ தப்பா..."

"தப்பு இல்லை. அக்கரை மணி. படம் எடுத்த நேரத்துல ஃபோன் என்ன காட்டுச்சோ அது அந்தப் படத்துலயே பதிஞ்சு நின்னுடும், மாறாது. ஆனா அந்தப் படத்தை உடனே மகளுக்கு அனுப்பியிருக்காங்க பாரு, அந்த மணி நாம நிக்கிற ஊர் மணிக்கு மாறிக்கும்." திரையை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "அனுப்பினது 4.39. எடுத்தது 5.38. எடுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஒருத்தர் ஒரு படத்தை அனுப்ப முடியுமா?"

வாசலில் அழுகை நின்றுபோயிருந்தது.

"புகை நின்னது 4.31-க்கும் 4.38-க்கும் நடுவுல. மருவா அப்பச் சூளையில மாவு பிசைஞ்சிட்டிருந்தா, ஆறு பேர் பார்க்க. இங்க பெரியவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தது நீ ஒருத்தன். 4.40-க்குத் திரும்பிப் பார்த்தேன், புகை போயிட்டிருந்துச்சுன்னு இப்பத்தான் ஆணை வச்சே."

"ஃபோன் மணி மாறினா அதுக்கு நான் என்ன பண்ண, கேப்டன்?"

"ஒண்ணும் பண்ணலை. பார்த்துட்டுச் சும்மா இருந்தே. கரையில மணி குதிக்குதுன்னு உன் கடைக்கு ஆள் வராத வாரம் உண்டா? எடுத்த மணியை அழுத்திக் காட்டினே. அதுக்குப் பக்கத்துல இருந்த அனுப்பின மணியைக் காட்டலை. தெரியாதவன்னா காட்டியிருக்கவே மாட்டான். நேர்மையானவன்னா ரெண்டையும் காட்டியிருப்பான்."

நுர்தாஸின் கையிலிருந்த கோல் சாய்ந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"எங்க தாத்தா நாணலை வெட்டித் திருத்தின கரை இது," என்றான் மெதுவாக. "அதைத் தூக்கி வேத்தாளுக்குக் கொடுக்கறேன்னாரு. எங்க ரத்தம் இல்லை அவ. நாளைக்கு எவனையாவது கட்டிக்கிட்டா அவனுக்கு. எவ்வளவோ சொன்னேன். சிரிச்சாரு. திரும்பிப் படுத்துத் தூங்கிட்டாரு."

"நீ தகட்டைத் தள்ளிட்டுக் கல்யாண விருந்துக்குப் போனே."

அவன் தலையை நிமிர்த்தவில்லை. சபீத் அவன் தோளைப் பிடித்தான்.

11.50.

மருவா வந்தபோது பெண்கள் எழுந்து வழி விட்டார்கள். ஒருத்தி குழந்தையை வாங்கிக்கொண்டாள். காலையில் அவளை ஏறிட்டுப் பார்க்காமல் திரும்பிக்கொண்ட ஒருத்தியே அவள் தலைத்துணியை எடுத்துக் கட்டிவிட்டாள். யாரும் மன்னிப்பு கேட்கவில்லை. அந்த ஊரில் அப்படிக் கேட்கிற பழக்கம் இல்லை. இடம் விட்டார்கள், அவ்வளவுதான்.

மருவா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.  குரல் மெல்ல ஆரம்பித்து ஏறியது. வண்டிப்பாதையில் போன மகனைப் பாடினாள். மகன் போன வீட்டில் தனக்கு முதல் கவளம் எடுத்து வைத்தவரைப் பாடினாள். தூங்குகிறாரென்று கதவைத் தட்டாமல் போன தன் கையைப் பாடினாள்.

ரௌஷன் வாசற்படியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாட்டு ஒரு இடத்தில் தயங்கியது. மருமகள்கள் எல்லாரும் "மாமா" என்று இழுத்து நிறுத்துகிற இடம் அது. மருவா மூச்சை இழுத்தாள்.

"ஒரால்பாய் அப்பா..."

உட்கார்ந்திருந்த கிழவிகள் சட்டென்று தலையைத் தூக்கினார்கள். ஒருத்தி வாயைத் திறந்தாள். குல்யாஷ் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சொல்லட்டும் விடு. இன்னைக்கு அவர் சொன்ன வெள்ளிக்கிழமை."